சைக்கிளை நிறுத்தாத ஒரு மாலை

பிளஸ் ஒன் மாணவர் ஒருவரின் கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

“மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். திருவையாற்றுப் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம் எங்களுடையது. நானும் என் நண்பனும் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி பேண்டில் சைடு டிரம் வாசிக்கிறோம். டிசம்பரில் பி.டி. சார் அவனை லீடிங் டிரம் ஆக்கினார், மற்றவர்கள் அவனைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். என் ரோல் (குச்சிகளை இடைவிடாமல் உருட்டி அடிப்பது) அவனுடையதைவிட வேகமாக விழும். இது பேண்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அம்மா, ‘இரண்டு பேரும் ஒரே நாளில்தானே சேர்ந்தீர்கள், அவனுக்குக் கிடைத்தது உனக்கு ஏன் கிடைக்கவில்லை?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 24ஆம் தேதி அவன் பள்ளிக்கு வரவில்லை. அவர்கள் வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. மாலையில் சார் என்னைக் கூப்பிட்டு, ‘நாளைக்கு ஒத்திகை ஏழு மணிக்கு இல்லை, ஆறு மணிக்கே. அவனிடமும் சொல்லிவிடு’ என்றார். அவன் வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் அவன் அப்பா சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை நிறுத்தவில்லை.

மறுநாள் அவன் ஏழு மணிக்கு வந்தான். சார் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு, குடியரசு தினத்துக்கு என்னை லீடிங் டிரம்மாகப் போட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பதிலே பேசவில்லை. 26ஆம் தேதி நான் நன்றாக வாசித்தேன், எல்லோரும் கை தட்டினார்கள். அவன் இரண்டாவது வரிசையில் நின்றான். இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சார் சொல்ல மறந்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான்.

அடுத்த வாரம் அவன் அம்மா புது நெல் ஒரு மரக்கால் கொண்டுவந்து என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. முன்பெல்லாம் ஒரே சைக்கிளில் போவோம். இந்த ஆண்டு இருவருக்கும் அரசு சைக்கிள் கிடைத்ததால் தனித்தனியாகப் போகிறோம். பேண்டிலும் அவன் பக்கம் நான்கு பேர், என் பக்கம் ஐந்து பேர் என்று பிரிந்துவிட்டார்கள். நான் கெட்டவனா? அவனிடம் சொல்ல வேண்டுமா? பிளஸ் டூ வருகிறது என்று காரணம் சொல்லி பேண்டிலிருந்து விலகிவிடலாமா?”

அன்புள்ள தம்பி,

என் மகன் வயதுதான் உனக்கும். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். நடுவில் உள்ளதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். ஆம், சொல்ல வேண்டும். அடுத்த ஒத்திகைக்கு முன்பாக, நேரில், முதலில் அவனிடம் மட்டும். எப்படிச் சொல்வது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் “நான் சைக்கிளை நிறுத்தவில்லை” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ‘மறந்துவிட்டேன்’ என்று நீ எழுதியிருக்கலாம். ‘இருட்டிவிட்டது, அவன் அப்பா வேலையாக இருந்தார்’ என்று எழுதியிருக்கலாம். யாரும் உன்னைக் குறுக்குக் கேள்வி கேட்டிருக்க முடியாது. நீ அப்படி எழுதவில்லை. கெட்டவனா என்று கேட்கிற பிள்ளைக்கு நான் எடுத்துக்காட்டக்கூடிய முதல் சாட்சி அவனுடைய அந்த வாக்கியம்தான்.

பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் நாங்கள் இரண்டு உணர்வுகளைப் பிரித்துப் பார்ப்போம். ‘நான் ஒரு கெட்ட காரியம் செய்தேன்’ என்பது குற்ற உணர்வு. ‘நானே கெட்டவன்’ என்பது அவமான உணர்வு. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நடத்தையில் எதிரெதிர்த் திசைக்கு இழுத்துப் போகும். முதலாவது, செய்ததைச் சரிசெய்யச் சொல்லும். இரண்டாவது, ஓடி ஒளியச் சொல்லும். உன் மூன்றாவது கேள்வியை, அதுதான் பேண்டைவிட்டு விலகலாமா என்பதை, இந்த இரண்டாவதுதான் எழுதியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு இடம் கொடுக்காதே. நீ ஒரு கெட்ட காரியம் செய்தாய். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு ஆண்டுகளாக உன்னோடு டிரம் வாசித்தவன், எல்லோர் முன்னாலும், தான் செய்யாத தவறுக்காகத் தலை குனிந்து நின்றிருக்கிறான். அதைச் சரிசெய்ய உன்னால் முடியும் என்பதால்தான் இவ்வளவு நேராக எழுதுகிறேன்.

இனி பொறாமையைப் பற்றி. அது உன்னைப் பயமுறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. ‘வேறு யாருக்குக் கிடைத்திருந்தாலும் இப்படி எரிந்திருக்காது’ என்று உன் கடிதத்தில் ஓர் இடத்தில் எழுதியிருந்தாய். மேலே சுருக்கியபோது அந்த வரியை விட்டுவிட்டேன். ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனோடு பேசப் போயிருந்தேன். தனி அறை கிடைக்காததால் மாடிப்படிக்குக் கீழே இருந்த பேண்டு அறையில் உட்காரவைத்தார்கள். பித்தளை துடைக்கும் பசையின் வாசனை. மேசைமேல் மூன்று சைடு டிரம்கள். பையன் வாயைத் திறக்கவே இல்லை. கை சும்மா இருக்காமல் பக்கத்தில் இருந்த டிரம்மை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தட்டும்போதெல்லாம், யாரும் தொடாத அடுத்த டிரம் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று இரைந்தது. இது என்ன என்று கேட்டேன். அதுவரை பேசாதவன் எழுந்து வந்து டிரம்மைக் கவிழ்த்துக் காட்டினான். அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் சரம் சரமாக ஓடுகின்றன. பக்கத்தில் இன்னொரு டிரம் ஒலித்தால், காற்றில் வரும் அதிர்வுக்கு இந்தத் தோல் ஆடுகிறது, கம்பிகள் அதன்மேல் துடிக்கின்றன. “இந்தக் கட்டையைத் தள்ளினால் கம்பி இறங்கிவிடும், சத்தம் வராது. ஆனால் அப்புறம் இது சைடு டிரம்மே இல்லை டீச்சர், தகர டப்பா மாதிரிக் கேட்கும்” என்றான்.

உனக்கு இது புதிய செய்தி இல்லை. உன் டிரம்மில் தினமும் கேட்டிருப்பாய். ஆனால் டிசம்பரில் உனக்குள் நடந்தது இதுதான். பக்கத்து டிரம் ஒலித்தது, உன் கம்பி துடித்தது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் எழுதினார்: மனிதன் தன்னை அளந்து பார்க்கத் தனக்கு நிகரானவனைத்தான் தேடுகிறான். யாரோ ஒரு பெரிய வித்துவானோடு நீ உன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒரே நாளில் சேர்ந்து, ஒரே மாஸ்டரிடம், ஒரே வாத்தியம் கற்றவனோடுதான் ஒப்பிடுவாய். 1980களில் ஆபிரகாம் டெஸ்ஸர் என்பவர் இன்னும் ஓர் அடி உள்ளே போனார். நெருங்கியவனின் வெற்றி, நமக்கு முக்கியமில்லாத துறையில் என்றால் நாமும் சேர்ந்து பெருமைப்படுகிறோம். நாம் உயிரைக் கொடுத்துச் செய்கிற அதே துறையில் என்றால் அந்த நெருக்கமே குத்துகிறது. உன் நண்பன் கபடியில் மாவட்ட அணிக்குப் போயிருந்தால் ஊர் முழுக்க நீதான் சொல்லித் திரிந்திருப்பாய்.

ஆகவே, எரிந்ததற்காக உன்னை நொந்துகொள்ளாதே. நட்பு குறைவாக இருந்ததால் வந்த எரிச்சல் இல்லை அது. பக்கத்தில் இருந்ததால் வந்தது. டிரம்மின்மேல் உனக்கு இருக்கும் பிடிப்பினால் வந்தது. கம்பியை இறக்கிவிட்டு வாழும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. போட்டியும் தவறில்லை. ஆறு ஆண்டுகளாக உங்கள் இருவருக்கும் நடுவில் போட்டி இருந்திருக்கிறது, நீங்கள் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அவன் ரோல் அடித்தால் நீ அதைவிட வேகமாக அடித்துப் பார்த்திருப்பாய். அப்படித்தான் உன் கை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அந்தப் போட்டி டிரம்மில் இருந்தவரை உன்னை வளர்த்தது. ஜனவரி 24ஆம் தேதி மாலை அது டிரம்மைவிட்டு இறங்கிச் சைக்கிளில் ஏறிக்கொண்டது. நண்பர்களுக்குள் போட்டி இருக்கும்போது நான் பிள்ளைகளிடம் கறாராகக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வாத்தியத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டி போடுங்கள், நேரம், செய்தி, குச்சி, சீருடை, நோட்டு, இவற்றில் வேண்டாம். அவனுக்குச் சேர வேண்டிய செய்தி அவனுக்குச் சேர்ந்தே ஆக வேண்டும்.

ஒன்றைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. ‘வேகம்’ என்ற சொல் உன் முழுக் கடிதத்தில் ஐந்து இடங்களில் வருகிறது. ‘நிதானம்’ ஓர் இடத்தில்கூட இல்லை. உங்கள் சார் எதைப் பார்த்து அவனைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் ஊகிக்க மாட்டேன், அதை நீ அவரிடமே கேட்க வேண்டும். ஆனால் லீடிங் டிரம்மின் வேலை என்ன என்பதை யோசித்துப் பார். அணிவகுப்பில் நிமிடத்துக்கு 120 அடி. அரை நொடிக்கு ஒரு கால் தரையில் விழுகிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் பின்னால் வருகிற பிள்ளைக்கு உன் அடி இருபதில் ஒரு பங்கு நொடி தாமதமாகத்தான் காதில் விழுகிறது. காதை மட்டும் நம்பினால் பின்வரிசை இழுபடும். அதனால்தான் பின்னால் இருப்பவர்கள் லீடிங் டிரம்மின் குச்சியைக் கண்ணால் பார்க்கிறார்கள். அந்தக் குச்சி இரண்டும் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே சீராக விழ வேண்டும். கூட்டம் கை தட்டினாலும் அது துள்ளக் கூடாது. பேண்டில் மிகச் சிறந்த கை யாருடையது என்று பார்த்துக் கொடுக்கும் பட்டம் இல்லை இது. வேறொரு வேலை. அந்த வேலைக்கு நீயும் பொருத்தமானவனாக இருக்கலாம். வேகத்தை வைத்து மட்டும் அதைக் கேட்காதே.

இன்னொன்றும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் ‘ஒத்து ஊதுகிறான்’, ‘ஜால்ரா போடுகிறான்’ என்று இரண்டு வேலைகளை வசவாக்கி வைத்திருக்கிறோம். எனக்கு அதில் எப்போதும் வருத்தம் உண்டு. சுருதிப் பெட்டி வருவதற்கு முன், விடிய விடிய ஒத்து என்ற குழலில் ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றதால்தான் பக்கத்தில் இருந்தவர் மணிக்கணக்கில் ராகம் வாசித்தார். டிசம்பரில் இரண்டாவது வரிசைக்குப் போனபோது உனக்கு ஏதோ இறக்கிவிட்டதுபோல இருந்தது அல்லவா? அந்த எண்ணத்தை நமக்குள் வளர்த்ததில் இந்த மாதிரி வசவுகளுக்கும் பங்கு இருக்கிறது.

சரி, இனி அவனிடம் சொல்வது.

வாட்ஸ்அப்பில் எழுதாதே. இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிற பையன்களிடம் அது மாலைக்குள் சுற்றிவிடும். பள்ளியிலும் வேண்டாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் நடந்து போகும்போது சொல். உன் வயதுப் பிள்ளைகள் முகத்துக்கு முகம் உட்காரவைத்தால் வாயடைத்துப் போவார்கள். தோளோடு தோள் நடக்கும்போது பேச்சு வரும். இதை இத்தனை ஆண்டு வேலையில் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். வழக்கம்போல ஜனவரி 28இல் மேட்டூரை மூடியிருந்தால் இந்நேரம் குடமுருட்டியில் மணல் தெரிய ஆரம்பித்திருக்கும். உட்கார்ந்து பேச வேண்டுமானால் அங்கே இடம் உண்டு.

சொல்ல வேண்டியது நான்கே வாக்கியம். “24ஆம் தேதி சாயங்காலம் ஒத்திகை நேரம் மாறியதைச் சார் என்னிடம் சொல்லி, உன்னிடம் சொல்லச் சொன்னார். நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. உனக்கு லீடிங் கிடைத்ததில் எனக்குப் பொறாமை. நீ திட்டு வாங்கியது என்னால்தான்.” இதை உன் பேச்சு மொழியில் சொல். ஆனால் வரிசையை மாற்றாதே, இதோடு நிறுத்து. ‘ஆனால்’ என்று தொடங்கும் எதையும் சேர்க்காதே. ‘ஆனால் என் ரோல்தானே வேகம்’, ‘ஆனால் என் அம்மாதான் சொல்லிச் சொல்லி…’ இவற்றில் ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டால், நீ மன்னிப்புக் கேட்க வந்தாயா, வழக்காட வந்தாயா என்று அவனுக்குத் தெரியாமல் போகும். மன்னித்துவிடு என்று கேட்கலாம். அங்கேயே, அப்போதே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நீ சொல்ல மூன்று வாரம் எடுத்துக்கொண்டாய், அவனுக்கும் நாள் வேண்டும்.

அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம் என்பதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள். எனக்கு இது உறுதியாகத் தெரியாது. ஆனால் “இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை” என்று எழுதியிருக்கிறாயே, அது என்னை உறுத்துகிறது. ஏழு மணிக்கு வந்தவன், எல்லோரும் தனக்கு முன்பே டிரம் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறான். சாரிடம் ‘யாரும் சொல்லவில்லை’ என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து, ஆறு ஆண்டு நண்பனிடம் ‘உனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்?’ என்றுகூடக் கேட்கவில்லை. சாதாரணமாக அது முதல் கேள்வியாக வந்திருக்கும். வாயைத் திறந்தால் உன் பெயர் வந்துவிடும் என்று அவன் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால்? அப்படியிருந்தால், அவன் மூன்று வாரமாக உனக்காகக் காத்திருக்கிறான். அது என் ஊகம் மட்டுமே. ஆனால் நீ பேசும்போது, ஒன்றும் தெரியாத அப்பாவியிடம் உண்மையை எடுத்துச் சொல்கிற தோரணை வேண்டாம்.

கோபப்பட்டால் கேட்டுக்கொள். ‘இனி உன்னோடு பேச மாட்டேன்’ என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள். அப்படி நடக்காது என்று உறுதி தர என்னால் முடியாது. நடந்தாலும் நீ சொன்னது வீண் போகாது. தன் தவறினால்தான் லீடிங் போனது என்ற எண்ணத்தில் அவன் இருந்தால், அதிலிருந்து அவனை விடுவித்திருப்பாய்.

அதற்குப் பிறகு சாரிடம் போ. அவனிடம் சொல்லிவிட்டுப் போ, கூட வரச் சொல்லிக் கேட்காதே. நேரம் மாறிய செய்தியை நான் சொல்லவில்லை, லீடிங் டிரம் அவனுக்கு உரியது என்று சொல். உனக்குத் தண்டனை கிடைக்கலாம். கொஞ்ச நாள் டிரம்மைத் தொடாதே என்று சொன்னால் ஏற்றுக்கொள். அது முடிந்த பிறகு, அந்தச் சூடு ஆறிய பிறகு, வேறொரு நாளில் கேள்: “லீடிங் டிரம்முக்கு என்னிடம் என்ன குறை சார்? எதைச் சரிசெய்ய வேண்டும்?” இந்தக் கேள்வியை டிசம்பரிலேயே கேட்டிருந்தால் ஜனவரி வந்திருக்காது. இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிடாதே. மன்னிப்போடு மனுவையும் கொடுத்ததுபோல ஆகிவிடும்.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே இடத்துக்கு ஆசைப்படும் இரண்டு பிள்ளைகளில், ஒருவர் வழியாக மற்றவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள், அல்லது வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். ஒருவரை முன்னால் நிறுத்தும்போது எதைப் பார்த்து நிறுத்தினீர்கள் என்பதை எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாத இடத்தில் பிள்ளைகள் தாமாகவே ஒரு காரணத்தை எழுதிக்கொள்கிறார்கள், அது பெரும்பாலும் ‘சாருக்கு அவனைத்தான் பிடிக்கும்’ என்றுதான் முடிகிறது. தாமதமாக வந்தவனைத் திட்டுமுன் ஏன் தாமதம் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் இருந்திருந்தால் இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது.

தம்பி, பேண்டு இரண்டாகப் பிரிந்தது உனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. நீ திருவையாற்றுப் பக்கத்துப் பிள்ளை. தை மாதம் தியாகராஜர் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவதைப் பார்த்திருப்பாய். அந்த ஆராதனையே ஒரு காலத்தில் ‘பெரிய கட்சி’, ‘சின்ன கட்சி’ என்று பிரிந்து தனித்தனியாக நடந்தது. தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே அங்கே பாட இடம் இல்லை. அவர் பெண்களைத் திரட்டி மூன்றாவதாக ஓர் ஆராதனை நடத்தினார். ஒரே மகானுக்கு அஞ்சலி செலுத்த மூன்று கட்சி! 1940, 41 வாக்கில்தான் ஒன்றாயின. பெரியவர்களுக்கே அத்தனை ஆண்டுகள் ஆயிற்று. பதினாறு வயதுப் பையன்கள் ஒன்பது பேர் மூன்று வாரம் பிரிந்து நின்றதற்காக உலகம் முடிந்துவிட்டதாக நினைக்காதே.

சேர்ப்பதற்கு என்ன வழி? யாராவது பெரியவர் உங்களைக் கூப்பிட்டுக் கை குலுக்கவைத்து, பரோட்டா வாங்கிக் கொடுப்பார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற ஆய்வாளர், ஏறக்குறைய பதினொரு வயதுள்ள 22 சிறுவர்களை ஒரு முகாமுக்கு அழைத்துப்போய், இரண்டு குழுவாக்கிப் போட்டிகள் வைத்தார். சில நாட்களிலேயே ஒருவர் கொடியை ஒருவர் எரிக்கும் அளவுக்குப் பகை. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவைத்துப் பார்த்தார்கள், படம் போட்டுக் காட்டினார்கள். பகை குறையவில்லை, சாப்பாட்டையே ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். பிறகு ஒரு நாள் சாப்பாடு கொண்டுவர வேண்டிய வண்டி கிளம்பவில்லை. எல்லோருக்கும் பசி. இரண்டு குழுவும் சேர்ந்து கயிறு கட்டி வண்டியை இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா? சில நாட்களுக்கு முன் கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிறு. இப்படி எல்லோரும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிறகுதான் பகை தணிந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆண்டு விழா வரப்போகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு சைடு டிரம்கள் கேள்வியும் பதிலுமாக வாசிக்கும்படி ஒரு சின்ன உருப்படி. நம் ஊர்க் கோயில் வாசலில் இரண்டு தவில்காரர்கள் எதிரெதிரே நின்று வாசிப்பதை நீ பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒருவர் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வாசித்து விடுவார், மற்றவர் அதை எடுத்துத் தன் வழியில் திருப்பிக் கொடுப்பார், பிறகு இரண்டாகக் குறையும், ஒன்றாகக் குறையும், கடைசியில் இருவரும் சேர்ந்து தீர்மானம் என்ற முடிப்பு வைப்பார்கள். அங்கே போட்டி இல்லை என்று யார் சொன்னது? பொறி பறக்கும். ஆனால் எதிரில் இருப்பவர் வாசிப்பதைக் கூர்ந்து கேட்காவிட்டால் பதில் சொல்லவே முடியாது. உன் வேகமும் அவன் நிதானமும் ஒன்றுக்கொன்று தேவைப்படும் இடம் அது. மற்ற ஏழு பேரும் அடித்தளமாகத் தாளம் பிடிக்க வேண்டியிருக்கும், அதனால் கட்சி கட்டிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. ஆனால் இதை மன்னிப்புக்குப் பதிலாகக் கொண்டுபோகாதே. முதலில் நான்கு வாக்கியம். பிறகு அவன் உன்னோடு மறுபடி பேசத் தொடங்கினால் இது. இந்த யோசனையை அவன் சாரிடம் சொல்லட்டும்.

விலகுவதைப் பற்றித் தனியாக எழுத அதிகம் இல்லை. பிளஸ் டூவில் படிப்புக்கு நேரம் போதவில்லை என்றால் ஜூன் மாதத்தில் யோசி, அது நியாயமான காரணம். இப்போது விலகினால் அந்தக் காரணம் பொய், உனக்கும் அது தெரியும். ஒரு செய்தியை மறைத்ததற்குப் பரிகாரமாக இன்னொரு பொய்யைச் சொல்ல வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி. பெரும்பாலும் அவனிடம் பேசிய இரவே நன்றாகத் தூங்கிவிடுவாய். பேசி இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால், அல்லது வாழ்வே வேண்டாம் என்பதுபோல ஓர் எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும், 14416 என்ற எண்ணுக்குப் பேசு. டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது. இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கடைசியாக உன் அம்மா. நண்பனிடமும் சாரிடமும் சொன்ன பிறகு அவரிடமும் சொல். ‘நீ ஒப்பிட்டுப் பேசியதால்தான்’ என்று பழியைத் தூக்கி அவர்மேல் போடாதே. ‘இனிமேல் எங்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பேசாதே அம்மா, எனக்கு வலிக்கிறது’ என்று மட்டும் சொல். அது உன் உரிமை. உண்மை தெரிந்ததும் அவர் கோபப்படுவார், அழவும் செய்வார். அவர்கள் கொடுத்த நெல்லை இன்னும் வைத்திருக்கிறோமே, திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று உன்னைக் கிளப்பிவிட்டாலும் விடுவார். திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அந்த நெல் வந்தது அணிவகுப்புக்காக இல்லை. உங்கள் வீட்டில் அடுத்த அறுவடை ஆகும்போது ஒரு மரக்கால் நீ கொண்டுபோய்க் கொடு. அந்த வாசலில் சைக்கிளை நிறுத்தி, உள்ளே போய், அவன் அம்மாவின் கையில் கொடு.